ஆயில் குச்சியின் இரண்டு கோடுகள்

"அப்பா, சித்தப்பாவுக்கு எல்லாம் செய்யத் தெரியுது. உங்களுக்கு என்ன செய்யத் தெரியும்?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. கேள்வியில் குத்தல் ஏதும் இல்லை. வீட்டில் இருப்பவர்களைப் பற்றி எழுதி வரப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். சித்தப்பாவுக்கு ஒரு பக்கம் முழுதாக எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தின் தலையில் 'அப்பா' என்று எழுதி, பென்சிலை நுனிநாக்கில் வைத்தபடி காத்திருந்தாள்.

"மூக்குக்கண்ணாடி செய்வேன்" என்றார் அவர்.

"அது கடையில. வீட்டுல?"

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் சுருங்கியது. கடைசியில் குழந்தை தானாகவே 'அப்பா நன்றாகத் தூங்குவார்' என்று எழுதிக்கொண்டாள். அது அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது. தெரிந்த நாள் முதல் அவருக்குச் சரியான தூக்கம் இல்லை.

கடைத்தெருவில் அவரைக் கண்ணாடிக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு தலைமுடி அளவு கோணினாலும் கண்டுபிடித்துவிடுகிற கண் அவருக்கு. ஆனால் அந்தத் திறமை கடை வாசலோடு நின்றுவிட்டது. வீட்டில் குழாய் ஒழுகினாலும், விசிறி கிறீச்சிட்டாலும், எல்லோரும் மாடியைப் பார்த்துத்தான் குரல் கொடுத்தார்கள். மாடியில் அவருடைய சகலை குடியிருந்தார். மனைவியின் தங்கையைக் கட்டியவர், லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. கூப்பிட்ட குரலுக்குப் படியிறங்கி வருவார். வேலையை முடித்துவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் கூடக் கேட்காமல் போய்விடுவார். அப்படிப்பட்டவர்மேல் கோபப்படக்கூட முடியாது என்பதுதான் கண்ணாடிக்காரரின் பெரிய கோபம்.

இரண்டு வீட்டுக் கார்களும் கீழே ஒரே கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், லிஃப்ட்காரர் தன் வண்டிக்குத் தானே ஆயில் மாற்றுவார். முதல் வேலையாக ஒரு சிவப்பு அட்டையை ஸ்டீயரிங்கில் தொங்கவிடுவார். 'வேலை நடக்கிறது, இயக்காதே' என்று அதில் எழுதியிருக்கும். லிஃப்ட் வேலையில் அந்த அட்டை இல்லாமல் எதையும் தொட மாட்டார்கள். அட்டை தொங்கினால் வண்டியை யாரும் தொடக்கூடாது, அட்டை போய்விட்டால் வேலை முடிந்தது. மாடி வீட்டில் இது சட்டம்.

"பாருங்க, சட்டையில ஒரு சொட்டுப் படல" என்பாள் கண்ணாடிக்காரரின் மனைவி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "நீங்க ஒரு பேனாவுக்கு மை போட்டா நாலு சட்டை துவைக்கணும்."

"தங்கச்சி புருஷனையே பார்த்துக்கிட்டிரு. அடுப்புல பால் பொங்குது."

"பால் வைக்கவே இல்லையே" என்றாள் அவள்.

பொங்கியது பால் இல்லை, தன் வயிற்றெரிச்சல் என்று அவருக்கே தெரியும்.

ஒரு சனிக்கிழமை மாடி வீட்டார் வெளியூர் போயிருந்தார்கள். கண்ணாடிக்காரர் கடைக்கு அரை நாள் விடுமுறை விட்டு, நாலு லிட்டர் ஆயில் டப்பாவும் புது ஃபில்டரும் வாங்கி வந்தார். கார் கம்பெனி கொடுத்த கையேட்டுப் புத்தகம் வண்டிக்குள்ளேயே கிடந்தது. புத்தகத்தைப் பார்த்தா செய்கிறான் அவன் என்று அதைத் தொடவில்லை. அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றி, கறுத்துப்போன பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, போல்ட்டை இறுக்கினார். அதுவரை ஒரு குறையும் இல்லை. மூன்று லிட்டர் ஊற்றிவிட்டு, உடனே அளவு காட்டும் ஆயில் குச்சியை உருவி, கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். குச்சியில் இருந்த இரண்டு கோடுகளில் கீழ்க்கோட்டுக்கும் கீழே நின்றது. இன்னும் கொஞ்சம் ஊற்றினார், உடனே பார்த்தார். போதவில்லை. டப்பாவைக் கவிழ்த்து உதறி, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றியபோது குச்சியில் அளவு பளிச்சென்று இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றது.

கண்ணாடித் தொழிலில் துடைத்தால் உடனே பார்க்க வேண்டும், பார்த்தது பார்த்ததுதான். ஆயில் அப்படி இல்லை. மேலே ஊற்றியது இடுக்கெல்லாம் புகுந்து அடிக்கு வந்து சேரக் கால் மணி நேரமாவது கொடுக்க வேண்டும். கண்ணுக்குப் பழகிய மனிதர், காத்திருக்கப் பழகவில்லை.

மறுநாள் மதியம் இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெளியூர் போனவர்கள் முந்தின நாள் மாலையே திரும்பியிருந்தார்கள்.

"நேத்து நம்ம வண்டிக்கு ஆயில் மாத்தினேன்" என்றார் கண்ணாடிக்காரர், சோற்றைப் பிசைந்துகொண்டே, ஏதோ மறந்துபோனதைச் சொல்கிறவர்போல.

"யார வச்சு?" என்றாள் மனைவி.

"என் கைய வச்சு."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்காகத்தான் அவர் அத்தனை அழுக்கும் பட்டது. "இன்னிக்குக் காலையில குச்சிய எடுத்துப் பார்த்தேன். கோட்டுக்கு நடுவுல, ஊசி முனை அளவு கூடக் குறையாம நிக்குது. இதப் போயி ஒரு பெரிய வித்தைன்னு நினைச்சேன்."

லிஃப்ட்காரர் தட்டைப் பார்த்தபடியே தலையசைத்தார். "நல்லா செஞ்சிருக்கீங்கண்ணே. முதல் தடவையிலேயே அளவு வர்றது கஷ்டம்."

கண்ணாடிக்காரருக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

மூன்று வாரம் அந்த மிதப்பில் போனது. பிறகு ஒருநாள் கொட்டகை அலமாரியில் திருகாணி டப்பாவைத் தேடும்போது, பின்வரிசையில் ஒரு தண்ணீர் பாட்டில் கைக்குத் தட்டுப்பட்டது. உள்ளே தேன் நிறத்தில் புத்தம் புது ஆயில். மேலே வெள்ளைப் பட்டை ஒட்டி, லிஃப்ட்காரரின் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது: 'அண்ணன் வண்டி. கூடுதலா இருந்தது 600 மில்லி. குறைஞ்சா ஊத்த.' கீழே தேதி. அந்தச் சனிக்கிழமையின் தேதி.

அவர் வண்டிக்குள் போய்ப் புத்தகத்தைப் புரட்டினார். மூன்றே கால் லிட்டருக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான் அந்த எஞ்சின் கொள்ளும், மிஞ்சினால் கெட்டுவிடும். குப்பைக் கூடையில் நாலு லிட்டர் டப்பா காலியாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறான். பார்த்ததும் புரிந்திருக்கிறது. ஊரிலிருந்து வந்த களைப்போடு, மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சி, அளவைச் சரியாக்கி வைத்துவிட்டு, மறுநாள் இவர் பந்தியில் பீற்றிக்கொண்டபோது தட்டைப் பார்த்துத் தலையசைத்திருக்கிறான்.

நன்றி வர வேண்டிய இடம். வந்தது வேறு. கையாலும் என்னை மிஞ்சினான், இப்போது மனசாலும் மிஞ்சிவிட்டான், எனக்கென்று அவன் எதைத்தான் மிச்சம் வைத்தான் என்று பொருமினார். நமக்குக் கெடுதல் செய்தவனைக்கூட ஒருநாள் மறந்துவிடலாம். சொல்லாமல் நல்லது செய்தவனைப் பொறாமைக்காரனால் மன்னிக்கவே முடிவதில்லை. அன்றாடம் பிரார்த்தனை செய்கிற மனிதர்தான் அவர். அந்த வாரம் முழுக்கக் கண்ணை மூடினால் கடவுள் தெரியவில்லை, வெள்ளைப் பட்டை ஒட்டிய பாட்டில்தான் தெரிந்தது. 'அவனும் ஒருநாள் தப்புப் பண்ணட்டும். எல்லார் கண்ணெதிரிலேயும் பண்ணட்டும்' என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

கேட்காததும் சில சமயம் கிடைத்துவிடுகிறது.

அடுத்த ஆயில் மாற்றம் ஒரு சனிக்கிழமைக் காலையில் நடந்தது. லிஃப்ட்காரர் ஆயிலை ஊற்றிக்கொண்டிருக்கையில் போன் வந்தது. ஏதோ ஒரு மருத்துவமனை லிஃப்டில் நாலு பேர் மாட்டிக்கொண்டார்களாம், ஒருவருக்கு மூச்சுத் திணறலாம். கையைத் துடைத்தது பாதி, துடைக்காதது பாதி, பானெட்டை அறைந்து மூடி, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார். கம்பெனி வண்டி அங்கே வந்து ஏற்றிக்கொண்டது. ஓடும்போது பழக்கதோஷத்தில் ஸ்டீயரிங்கில் தொங்கிய சிவப்பு அட்டையையும் உருவிப் பையில் போட்டுக்கொண்டார். அட்டை இல்லாமல் லிஃப்டைத் தொட முடியாதே. அவரிடம் இருந்தது ஒரே ஒரு அட்டை.

கொஞ்ச நேரத்தில் மாடிப்படியிலிருந்து கொழுந்தியாளின் குரல் கேட்டது. "மாமா, அவரு ஆயில் மாத்தி முடிச்சிட்டாரா?"

கண்ணாடிக்காரர் அப்போதுதான் கடைக்குக் கிளம்பிக் கீழே வந்திருந்தார். "ஏம்மா?"

"எனக்கு இன்னிக்கு நர்சிங் காலேஜ்ல வேலைக்கு இன்டர்வியூ. ரெண்டு மணி நேரம் ஓட்டணும். போன் போட்டா எடுக்கல. எட்டிப் பார்த்தேன், அட்டையக் காணோம், அப்போ முடிஞ்சிருச்சுல்ல. புடவை கட்டிட்டு வந்துடறேன்."

அவர் அலமாரியைப் பார்த்தார். டப்பாவின் மூடி திறந்திருந்தது. பக்கவாட்டுக் கோட்டில் மூன்று லிட்டர் அப்படியே இருந்தது. உள்ளே போனது ஒரு லிட்டர். பானெட்டைத் தூக்கிக் குச்சியை உருவினார். நுனி மட்டும் ஈரமாக இருந்தது. இந்த வண்டி நெடுஞ்சாலையில் அரை மணி ஓடினால் எஞ்சின் இறுகிப்போகும். அந்தப் பெண் ஆறு வருஷம் காத்திருந்த வேலையும் நடுரோட்டில் நின்றுவிடும்.

எச்சரித்துத்தான் ஆக வேண்டும். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. எப்படி எச்சரிப்பது என்பதில்தான் எல்லாம் இருந்தது. ஜன்னலுக்குள் மகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் போதும். மொத்த வீடும் இறங்கி வந்து நிற்கும். குச்சியை உயர்த்திப் பிடித்து, 'பாத்தீங்களா உங்க கெட்டிக்காரர் வேலைய' என்று ஒரே ஒரு வார்த்தை. பொய் இல்லை, புறணி இல்லை. வண்டியைக் காப்பாற்றிய பேரும் அவருக்குத்தான். வாயைத் திறந்துகூட விட்டார்.

அந்தப் பந்தியில் தட்டைப் பார்த்துத் தலையசைத்த முகம் நினைவுக்கு வந்தது. அவனிடமும் அன்றைக்கு ஒரு குச்சி இருந்தது. அவன் உயர்த்திப் பிடிக்கவில்லை. நம்மில் பலருக்குக் கடவுள் பெரிய சோதனை எதுவும் வைப்பதில்லை. ஒரு புனலையும் பத்து நிமிடத்தையும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றுகொள்கிறார்.

கண்ணாடிக்காரர் வாயை மூடிக்கொண்டார். சட்டைக் கையை மடித்தார். குனிந்து அடியில் போல்ட்டை ஸ்பானரால் தொட்டுப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. ஃபில்டரும் புதிது. டப்பாவின் மேல் வழக்கம்போலக் குண்டு எழுத்து: '3.2 போதும்.' முக்கால் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மிச்சம் வைக்க வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டு, புனலில் மெல்ல ஊற்றினார். கடைசிக் கொஞ்சத்தை வேண்டுமென்றே நிறுத்திக்கொண்டார். அவசரத்துக்கென்று தன் வீட்டு வாசல் ஓரம் தொங்கவிட்டிருந்த அந்த வண்டியின் மாற்றுச் சாவியை எடுத்து எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்தார். இனி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

செருப்புச் சத்தம் படியிறங்கியது.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணினீங்களா மாமா?"

"சூடு பண்ணி வச்சேன்." அவள் கை கதவுப் பக்கம் போவதைப் பார்த்தார். ஆயில் இன்னும் இறங்கியிருக்காது. "இந்தக் கண்ணாடியோடயா இன்டர்வியூவுக்குப் போற? இடது பக்கம் ஏறி நிக்குது. கேள்வி கேக்கறவன் உன் மூக்கையே பார்த்துட்டிருப்பான்."

"நேரமாகுது மாமா."

"பத்து நிமிஷம். கண்ணாடிக்காரன் வீட்டுப் பொண்ணு கோணக் கண்ணாடி போட்டுட்டுப் போனா என் கடைய இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்."

அவள் சிரித்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தாள். கண்ணாடி உண்மையிலேயே ஒரு நூல் அளவு ஏறித்தான் இருந்தது. வேறு நாளாக இருந்தால் விட்டிருப்பார். மூக்குத்தாங்கியை நிமிர்த்தினார், காதுவளைவைச் சூடுபறக்கத் தேய்த்து வளைத்தார். போட்டுப் பார், கழற்று, மறுபடி போட்டுப் பார் என்று நாலைந்து முறை நேரத்தை இழுத்தார்.

"என்ன மாமா, எனக்கு மட்டும் இவ்வளவு பொறுமை? அக்கா கேட்டா நாளைக்குன்னுவீங்க."

"உங்கக்கா காசு தர மாட்டா. போயி எங்க வீட்டு மேசையில சின்ன திருகாணிப் பெட்டி இருக்கு, எடுத்துட்டு வா."

அவள் உள்ளே போன கையோடு பானெட்டைத் தூக்கினார். குச்சியை உருவி, துடைத்து, விட்டு, நிதானமாக எடுத்தார். கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலே. நிறுத்தி வைத்திருந்ததில் ஒரு கரண்டி அளவு விட்டார். நூறு வரைக்கும் எண்ணினார். மறுபடி எடுத்துப் பார்த்தபோது, இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. மூடியைத் திருகி, பானெட்டை ஓசையில்லாமல் அழுத்தி மூடிவிட்டு நிமிரவும், அவள் பெட்டியோடு வரவும் சரியாக இருந்தது. ஒரு திருகாணியை முறுக்குவதுபோல முறுக்கிக் கண்ணாடியைக் கொடுத்தார்.

"இப்ப போ. நல்லபடியா நடக்கும்."

வண்டி தெருவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அரை மணி கழித்துப் போன் அடித்தது.

"அண்ணே." லிஃப்ட்காரருக்கு மூச்சு வாங்கியது. "நாலு பேரையும் வெளியே எடுத்தாச்சு. அண்ணே, அவ வண்டிய எடுத்துட்டாளா? நான் ஆயில முழுசா ஊத்தலைண்ணே, அட்டையையும் கழட்டிட்டு வந்துட்டேன்."

"எடுத்துட்டுப் போயாச்சு. போறதுக்கு முன்னாடி நானே குச்சிய எடுத்துப் பார்த்தேன் தம்பி. நடுவுல நிக்குது."

"நல்லா பார்த்தீங்களா?"

"பார்க்கறதுதானே என் பொழைப்பு."

"அப்போ ஊத்திட்டுத்தான் வந்திருக்கேன் போல. பதட்டத்துல எதுவுமே ஞாபகமில்லண்ணே."

"நாலு உசிரு மாட்டிக்கிட்டு இருந்தா யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்" என்றார் கண்ணாடிக்காரர். "போயி ஒரு டீ குடி."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, புனலைக் கழுவி, உலரும்படி கவிழ்த்து வைத்தார். பிறகு, கடை திறக்க நேரமாகிவிட்டதே என்று வேகமாக நடந்தார்.