நாலு பம்ப்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய அந்தக் காலனிக்கு ஒரு சத்தம் பழகிப்போயிருந்தது. முதலில் மரமும் இரும்பும் உரசும் 'கடக், கடக்'. பிறகு சின்ன மௌனம். பிறகு, எவர்சில்வர் மூடியை விரலால் சுண்டியது போல ஒரு 'டப்'. சுகுமார் மொட்டை மாடியில் சோடா மூடிகளைச் சுட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். துணி காயப்போட வருபவர்கள்கூட, "சார், நாங்க வர்றோம், கொஞ்சம் நிறுத்துங்க" என்று படியிலிருந்தே குரல் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார்கள்.

சுகுமார் மறைமலை நகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். ரப்பர் வளையங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கீறல் உள்ளதைத் தள்ளிவிடுவது அவர் வேலை. அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அந்த ஏர் ரைஃபிள். தாம்பரம் ரயில்வே காலனியில் இருந்த ஜேசன் என்ற நண்பர், குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. அமெரிக்காவில் செய்தது, சுகுமாரைவிட வயதில் மூத்தது. அதற்கு வெடிமருந்து தேவையில்லை. குழலுக்கு அடியில் இருக்கும் மரப்பிடியை விரித்து மூடினால் உள்ளே ஒரு மிடறு காற்று அடைபடும். அதுதான் ஒரு பம்ப். எத்தனை பம்ப் அடிக்கிறோமோ அவ்வளவு வேகம். உள்ளே போடுகிற பெல்லட், பட்டாணியைவிடச் சின்ன ஈயத் துண்டு. உடுக்கையைப் போல இடுப்பு ஒடுங்கியது.

ஆனால் துப்பாக்கிக்கு வயதாகிவிட்டது. உள்ளே இருந்த வாஷர்கள் தேய்ந்து, அடித்த காற்றில் பாதி 'உஸ்' என்று வெளியே போய்விடும். நாலு பம்ப்பில் சுட்டால் பெல்லட் சோடா மூடியைத் தட்டிவிட்டுத் தானும் பக்கத்திலேயே விழும். அசோசியேஷன் செயலாளர் ஜெபராஜ் ஒருமுறை பார்த்துவிட்டு, "இதால ஊதுபத்தி அணையுமா சார்?" என்று கேட்டார். அது காலனி முழுக்கப் பரவிய ஜோக்.

அதே ஜெபராஜுக்குத்தான் அந்த யோசனையும் தோன்றியது. காலனித் தெருவில் ஒரு செவலை நாய் இருந்தது. நர்ஸாக வேலை பார்க்கும் ஜோசலின் அதற்கு பிஸ்கட் என்று பெயர் வைத்து, வேளை தவறாமல் சோறு போட்டாள். பிஸ்கட் அவள் பின்னால் வாலை ஆட்டிக்கொண்டு போகும். மற்றவர்களின் ஸ்கூட்டர் பின்னால் பல்லைக் காட்டிக்கொண்டு ஓடும்.

"சார், உங்க துப்பாக்கில ஒரு தட்டு தட்டுங்களேன்" என்றார் ஜெபராஜ்.

"பாவம் சார், வாயில்லா ஜீவன்."

"அதுக்கா வாயில்ல? நைட்டெல்லாம் வாய்தான சார். நான் என்ன கொல்லவா சொல்றேன்? சும்மா சுருக்குன்னு இருக்கணும், ஓடிடணும், அவ்ளோதான். உங்க குறி தப்பாதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஒலிம்பிக்ஸ் போக வேண்டிய ஆள நம்ம காலனி சோடா மூடி சுட வெச்சிருக்கு."

சுகுமாரைக் கம்பெனியில் யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. அடுத்த ஞாயிறு நாலு பம்ப் அடித்து, மாடியிலிருந்து நாயின் தொடையைக் குறிவைத்தார். பிஸ்கட் ஒரு குரல் கத்திவிட்டு ஓடியது. ஒரு வாரம் தெரு அமைதியாக இருந்தது. ஜெபராஜ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. நாலு பம்ப், ஒரு கத்தல், ஒரு வாரம். அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை, தன் தொழில் அறிவைத் தன் பொழுதுபோக்குக்குப் பயன்படுத்த வேண்டும் என்று சுகுமாருக்குத் தோன்றியது. ஹாலில் செய்தித்தாளை விரித்து, துப்பாக்கியைப் பிரித்துப் போட்டு, தேய்ந்த வாஷர்களை எடுத்துவிட்டுப் புது ரப்பர் வளையங்களைப் பொருத்தினார். காற்று நிற்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு பம்ப் அடித்து வைத்துவிட்டுத் தூங்கினார். காலையில் பெல்லட் போடாமல் விசையை அழுத்தியபோது, காற்று மொத்தமாகச் சீறிக்கொண்டு வந்தது.

"ரோஹிணி, கேட்டியா? ஒரு சொட்டு லீக் இல்ல."

"பெத்த புள்ள முதல் தடவ பேசின மாதிரி இருக்கு உங்க மூஞ்சி" என்றாள் அவர் மனைவி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

அந்தச் சந்தோஷத்தோடு மாடிக்குப் போனார். முதலில் ஒரு சோடா மூடியைச் சுட்டுப் பார்த்திருந்தால் அதன் புது வேகம் தெரிந்திருக்கும். ஆனால் கீழே டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் பிஸ்கட் ஒரு பால்காரரைத் துரத்திவிட்டு வந்து நின்றது. எதிர்வீட்டு வாசலிலிருந்து ஜெபராஜ் மேலே பார்த்து, கண்ணாலேயே நாயைக் காட்டினார். சுகுமாரின் கை பழக்கப்படி நாலு பம்ப் அடித்தது. பாதிக் காற்று ஒழுகிப்போகும் கிழட்டுத் துப்பாக்கிக்கு அவர் கை கற்றுக்கொண்ட கணக்கு அது. புதிய துப்பாக்கிக்கு என்ன கணக்கு என்று கைக்குத் தெரியாது.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. நாய் கடைசி நொடியில் திரும்பியதால் தொடையில் படவேண்டியது விலாவில் பட்டது. பிஸ்கட் கத்தவில்லை. எங்கோ எதையோ மறந்து வைத்துவிட்டவனைப் போல ஒரு கணம் நின்று யோசித்தது. தன் விலாவை முகர்ந்து பார்த்தது. பிறகு மெதுவாக நடந்து போய் ஜோசலின் வீட்டு கேட் முன்னால் படுத்துக்கொண்டது. சுகுமார் துப்பாக்கியைக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே தாழ்த்தினார். எதிர்வாசலில் ஜெபராஜ் இல்லை; கதவு சாத்தியிருந்தது.

ஜோசலின் நாயை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினாள். மறுநாள் மதியம் பிஸ்கட் இறந்துபோனது. டாக்டர் உள்ளே இருந்து எடுத்ததை ஒரு சின்ன மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

அன்று மாலை அசோசியேஷன் அறையில் எல்லாரும் கூடினார்கள். நாயைப் பிடிக்காதவர்களும் வந்திருந்தார்கள்.

"இன்னிக்கு நாய். நாளைக்கு வாசல்ல விளையாடற பிள்ளைங்க மேல பட்டா?" என்றாள் ஜோசலின். கண் வீங்கியிருந்தது. "நான் போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறேன்."

"கண்டிப்பா குடுங்க சிஸ்டர்" என்றார் ஜெபராஜ். குரல் உறுதியாக இருந்தது. "எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ஏரிக்கரைல நரிக்குறவங்க கூடாரம் போட்டிருக்காங்கல்ல? அதுல தேசிங்குன்னு ஒருத்தன். தோள்ல நாட்டுத் துப்பாக்கியோட சுத்தறான்."

"ஆமா, நானும் பாத்திருக்கேன்" என்றது ஒரு குரல். "அவங்க எதைத்தான் சுடமாட்டாங்க?" என்றது இன்னொன்று. தேசிங்கு மண்ணிவாக்கத்துக்கு அப்பால் உள்ள வயல்களில் பன்றி விரட்டத்தான் அந்தத் துப்பாக்கியை எடுத்துப்போகிறார் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் கேட்டதுமில்லை. அதே அறையில் ஒரு துப்பாக்கிக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் ஜெபராஜைத் தவிர யாருக்கும் தோன்றவில்லை. சுகுமார் சாரிடம் இருப்பது ஊதுபத்தியைக்கூட அணைக்காத பொம்மை. தவிர, அவர் சுகுமார் சார்.

ஜோசலின் டப்பாவை அவரிடமே நீட்டினாள். "சார், இங்க உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். இது அவங்க துப்பாக்கிக் குண்டுதானா?"

சுகுமார் அதை உள்ளங்கையில் கொட்டினார். தலை நசுங்கியிருந்தது. இடுப்பு மட்டும் உடுக்கையாக, அப்படியே இருந்தது. நாட்டுத் துப்பாக்கியில் போடுவது உருண்டையான ரவை. இதைச் சொல்ல ஒரு வரி போதும். கம்பெனியில் அவர் தினமும் சொல்லும் வரிதான்: இது அது இல்லை.

"நசுங்கிப்போயிருக்கு சிஸ்டர்" என்றார். "இப்படிப் பாத்து உறுதியா சொல்ல முடியாது."

"பாத்தீங்களா, சாரே இல்லன்னு சொல்லல" என்றார் ஜெபராஜ்.

மறுநாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது, அவர் வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்து நிறைய பாசிமணி. தோளில் விற்காத மணிகளின் பை.

"சாமி, நான் தேசிங்கோட சம்சாரம், பவளம். காலைலயே அவர போலீஸ் கூட்டிக்கினு போய்ட்டாங்க சாமி. துப்பாக்கியையும் புடுங்கிக்கினாங்க. நாளைக்குள்ள ஏரிக்கரைய காலி பண்ணணும்னு சொல்றாங்க. நாய சுட்டாராம். எங்க கூடாரத்துலயே மூணு நாய் கீது சாமி, அவர் தட்டுல இருந்துதான் துன்னும்."

சுகுமார் கையிலிருந்த சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்தார்.

"வாட்ச்மேன்தான் சொன்னாரு, இந்த வூட்டு சாமிக்குத் துப்பாக்கி சமாசாரம் அத்தனையும் தெரியும்னு. நீங்க வந்து அது எங்க குண்டு இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா போதும் சாமி. நாங்க சொன்னா அடிக்கறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு சுகுமார் உள்ளே போனார். ரோஹிணி ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கதான?"

அவர் தலையைக் குனிந்தார்.

ரோஹிணி ஜன்னலைச் சாத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "குண்டு வேறன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடுங்களேன். யாரோடதுன்னு அவங்க கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க. கேஸுன்னு ஆச்சுன்னா கம்பெனில என்ன சொல்வாங்க?" என்றாள். சொல்லி முடித்ததும் தன் வார்த்தையைத் தானே கேட்டவளைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுகுமாருக்கும் முதலில் அதுதான் தோன்றியிருந்தது. அது எவ்வளவு சுலபமான வழி என்பதுதான் அவரைப் பயமுறுத்தியது. தேசிங்கு வெளியே வந்துவிடுவார். அப்புறம் போலீஸ் இன்னொரு கூடாரத்துக்குப் போகும், அங்கே இன்னொரு ஆள் இருப்பான். அவர் பீரோவைத் திறந்தார். துப்பாக்கியைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஆட்டோவில் வழி முழுக்க பவளம் அவரை வாழ்த்திக்கொண்டே வந்தாள். "உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும் சாமி. இந்தக் காலத்துல யாரு வர்றாங்க? உங்க கை நல்லா இருக்கணும்." பெருங்களத்தூர் சிக்னலில் வண்டி நின்றபோது சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சிக்னல் மாறிவிட்டது. தன் மடியில் கிடந்த நீளமான மூட்டையை அவள் பார்த்தும் ஒன்றும் கேட்காதது, அவருக்கு அடி விழுந்தது போல இருந்தது.

ஸ்டேஷனில், சுவரோரம் தரையில் தேசிங்கு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பவளம் எதையோ வேண்டி முணுமுணுத்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சுகுமார் மேஜைமேல் மூட்டையைப் பிரித்தார். "சார், பீர்க்கன்கரணைல செத்த நாய நான்தான் சுட்டேன். இதால. இவருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

எஸ்.ஐ. துப்பாக்கியைப் பார்த்தார், சுகுமாரின் சட்டைப் பையில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்தார். அவர் முகம் தளர்ந்தது.

"அட, உக்காருங்க சார். யோவ், சாருக்கு ஒரு சேர் எடுத்துப் போடு. டீ சாப்பிடறீங்களா?" நாற்காலி வந்தது. "கை தவறிப் பட்டுடுச்சு, அவ்ளோதான? அந்த நர்ஸம்மாகிட்ட நான் பேசறேன். படிச்சவங்க நீங்க, இதுக்கெல்லாம் வந்து நிக்கணுமா?"

"கை தவறல சார். குறிவெச்சுத்தான் சுட்டேன். இதுக்கு முன்னாடியும் சுட்டிருக்கேன்."

வாசலில் பவளத்தின் உதடுகள் அசைவது நின்றுபோயிருந்தது. வழியெல்லாம் கொடுத்த வாழ்த்துகளை எங்கே திருப்பி வாங்குவது என்று தெரியாதவள் போல அவரைப் பார்த்தாள். பிறகு எஸ்.ஐ. பக்கம் திரும்பினாள்.

"செய்யாத ஆளுக்குக் காலைலேர்ந்து ஒரு வாய் தண்ணி தரல. செஞ்சேன்னு சொல்றவருக்கு டீ சொல்றீங்களே சார்."

எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பேனாவை நிறுத்தினார்.

சுகுமாருக்கு அந்த நாற்காலியைத் தொடக்கூடக் கூசியது. தேசிங்கிடம் போய்க் குனிந்து, "என்ன மன்னிச்சிடுங்க" என்றார். தேசிங்கு அவரைப் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, "என் துப்பாக்கிய குடுத்துடச் சொல்லுங்க சாமி, காலைல வேலைக்குப் போவணும்" என்று மட்டும் சொன்னார்.

சுகுமார் மேஜைப் பக்கம் திரும்பினார். நின்றபடியே பேசினார். ஒவ்வொரு சொல்லும் வெளியே நின்ற ஆட்டோக்காரருக்கும் கேட்டது.

"இவருக்குத் துப்பாக்கிய குடுத்து அனுப்புங்க சார். கேஸ என் மேல எழுதுங்க. நான் சொன்னத அப்படியே எழுதுங்க. நாய சுட்டது நான் ஒருத்தன். இவர இந்தத் தரையில உக்கார வெச்சது எங்க காலனி மொத்தமும். அந்தக் கூட்டத்துல துப்பாக்கி வெச்சிருந்த நான் உக்காந்திருந்தேன், ஒருத்தர்கூட என்மேல சந்தேகம்னு சொல்லல. எல்லாரும் ஏரிக்கரையத்தான் பாத்தாங்க. நானும் அவங்களோட சேந்து அங்கயே பாத்தேன். குத்தவாளிய தேடறப்ப நாம யாரும் கையப் பாக்கறதில்ல சார், சட்டையத்தான் பாக்கறோம். அதுக்கு வெக்கப்படாத வரைக்கும், நாம படிச்சவங்கன்னு சொல்லிக்க நமக்கு யோக்யதை இல்ல."