மயிலைக் கூப்பிட்டவன்

காசிநாதன் டிரம்பெட்டில் முதலில் செய்து காட்டியது நாயை. அது திட்டமிட்டு நடந்ததல்ல. சிறுவாச்சூரில் ஒரு கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளை காருக்கு முன்னால் பேண்டு செட் போய்க்கொண்டிருந்தபோது தெருநாய் ஒன்று அவனையே பார்த்து விடாமல் குரைத்தது. வாசித்துக்கொண்டிருந்த பாட்டை விடாமலே, நடுவில் அந்தக் குரைப்பை அவன் டிரம்பெட்டில் திருப்பிக் கொடுத்தான். நாய் பேச்சு மூச்சில்லாமல் நின்றுவிட்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிள்ளையே கண்ணாடியை இறக்கி, "அண்ணே, இன்னொருக்கா!" என்றார்.

அப்போது அவனுக்கு முப்பத்தெட்டு வயது. பதினாறு வருஷமாகப் பெரம்பலூரில் அதே பேண்டு செட்டில் வாசிக்கிறான். சுத்தமாக வாசிப்பான். ஆனால் இன்னார் வாசிக்கிறார் என்று ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. கல்யாணத்தில் ஜனம் பார்ப்பது பொண்ணு மாப்பிள்ளையைத்தானே. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தார்கள். அந்த ருசி அவனை விடவில்லை.

சேவல் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. டிரம்பெட்டின் அகன்ற வாயில் ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கவிழ்த்து மெல்லத் திறந்தால் மாடு வந்தது. நாக்கை உள்ளே உதறினால் ஆடு. மயில்தான் பிடி கொடுக்கவில்லை. அதன் குரல் அடியிலிருந்து எழும்பி, உச்சியில் உடைந்து, வழுக்கிக்கொண்டு இறங்கும். பொத்தானை முழுசாக அழுத்தினால் அது பாட்டு ஆகிவிடும். பாதி அழுத்தி, மூச்சைத் தள்ளி, உதட்டை இறுக்கிப் பிடித்து விடவேண்டும். செல்போனில் மயில் கத்துவதைப் பதிவு செய்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் கேட்டான்.

"தூக்கத்துலகூட ஒதட்டக் குவிக்கிறீங்க," என்றாள் அவன் மனைவி அம்பிகா.

துறைமங்கலத்தில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் சாதகம் செய்யமுடியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதனால் அம்பிகாவின் அண்ணன் ராசாங்கத்தின் வயலுக்குப் போக ஆரம்பித்தான். அரியலூர் போகிற சாலையில் இறங்கி உள்ளே நடக்கவேண்டும். வயலை ஒட்டி வேலிக்கருவைக் காடு. மயில்கள் அங்கேதான் அடைந்தன.

கார்த்திகையில் ஒரு காலை அவன் வாசித்துவிட்டு உதட்டைத் துடைத்தபோது, காட்டுக்குள்ளிருந்து ஒரு மயில் பதில் கத்தியது. அவன் மறுபடி வாசித்தான். அதுவும் மறுபடி கத்தியது. அப்போது ஒரு பெண் குச்சியை ஓங்கிக்கொண்டு வரப்பில் ஓடி வந்தாள். அவனைக் கண்டதும் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அட, பேண்டுக்காரண்ணே! மயிலுன்னு நெனச்சுல்ல வெரட்ட வந்தேன்."

அவள் பாப்பாத்தி. ராசாங்கத்தின் வயலில் வருஷம் முழுக்கக் கூலி வேலை செய்பவள். புருஷன் இல்லை. கவியா என்று ஒரே மகள், பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். பாப்பாத்தியே ஏமாந்தாள் என்பதுதான் அவனுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு.

தை பிறப்பதற்குள் அவன் பேர் பரவிவிட்டது. யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "அந்த மயில் வாசிக்கிறவர் வருவாரா?" என்று கேட்டுத்தான் பேண்டு செட்டைப் பேசினார்கள்.

தையில் ராசாங்கம் மக்காச்சோளம் விதைத்தான். மயில்கள் விதையைக் கிளறித் தின்றுவிட்டன. மறுபடி விதைத்தான். முளைத்த குருத்தையும் கொத்திப் போட்டன. வனத்துறையில் போய் மனு கொடுத்தான், பார்க்கிறோம் என்றார்கள். ஒரு நாள் துறைமங்கலத்துக்கே வந்து காசிநாதன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாப்ள, ஊரே ஒன் மயிலப் பத்திதான் பேசுது. எனக்கு ஒரு ஒத்தாச பண்ணு. அந்தாண்ட தரிசுல நின்னு நீ கூப்புடு. அங்கயே கொஞ்சம் தானியம் தூவி வைப்போம். அது பாட்டுக்கு அங்க தின்னுட்டுப் போவட்டும். வயலுக்கு வராது."

"வருமா மச்சான் அதுங்க?"

"நீ கூப்பிட்டா வராதா?"

அந்தக் கேள்வியில் காசிநாதன் விழுந்துவிட்டான்.

மூன்று நாள் காலையில் போய் வாசித்தான். பாப்பாத்தி அன்னக்கூடையிலிருந்து சோளத்தை அள்ளி வீசுவாள். முதல் நாள் இரண்டு மயில்தான் எட்டிப் பார்த்தன. மூன்றாம் நாள் ஒன்பது வந்தன. ஒரு பெட்டை நாலு குஞ்சுகளோடு வந்தது. அவன் வாசிக்க வாசிக்க ஓர் ஆண் கழுத்தை நீட்டி அவனை நோக்கி நடந்து வந்தது. எந்தக் கல்யாணத்திலும் கிடைக்காத சந்தோஷம் அது. வீட்டுக்கு வந்து அம்பிகாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

நாலாம் நாள் ராசாங்கமே கூடையைக் கொண்டுவந்து பாப்பாத்தியிடம் கொடுத்தான். கையில் துணி சுற்றியிருந்தான். கூடையிலிருந்து ஒரு வாடை வந்தது. பூச்சிமருந்து வாடை. விவசாயக் குடும்பத்தில் பிறந்த காசிநாதனுக்கு அது தெரியாத வாடை இல்லை.

"என்ன மச்சான், மருந்து நாத்தம் அடிக்குது?"

"வெத நேர்த்தி பண்ணுன கூடை. கழுவாம எடுத்தாந்துட்டேன்," என்றான் ராசாங்கம், அவன் முகத்தைப் பார்க்காமல். "நீ வாசி. வெயில் ஏறிட்டா வராது."

பாப்பாத்தி கூடையையும் பார்த்தாள், காசிநாதனையும் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாளோ என்னவோ. அவன் டிரம்பெட்டை எடுத்து உதட்டில் வைத்தான். வாசித்து முடித்ததும், மயில்கள் வருவதற்கு நிற்காமல், வேலை இருக்கிறது என்று பஸ் ஏறிவிட்டான்.

மறுநாள் மத்தியானம் அம்பிகாதான் சொன்னாள். ஒன்பது மயிலும் செத்துக் கிடந்ததாம், காட்டோரம் குஞ்சுகளும். ஆடு மேய்த்தவர் யாரோ போன் செய்து, வனத்துறை ஜீப் வந்து, பாப்பாத்தியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். கூடை அவள் குடிசை வாசலில் இருந்ததாம்.

"ஒங்க அண்ணன்?"

"அண்ணன் அன்னைக்கு அரியலூர் போயிருந்துச்சாமே. அதுக்கு ஒண்ணுந் தெரியாதாம்," என்றாள் அம்பிகா. அப்போது அவளுக்கும் ஒன்றும் தெரியாது. காசிநாதன் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

பாப்பாத்தி ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் ராசாங்கம் அவளிடம் ரகசியமாகச் சொன்னானாம்: "எம் பேரச் சொல்லாத. நான் வெளிய இருந்தாத்தான் ரெண்டு நாள்ல ஒன்ன எடுக்க முடியும்." அவள் நம்பினாள். திருச்சி பெண்கள் சிறைக்குக் கொண்டுபோனார்கள். பத்து நாள் ஆகியும் ராசாங்கம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீல் கிடைத்த பிறகுதான் அவள் நடந்ததைச் சொன்னாள்.

மாசிக் கடைசியில், பேண்டு செட் கடை வாசலில் வாத்தியங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடச் சீருடையில் கவியா வந்து நின்றாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள்போல வேர்த்திருந்தாள்.

"அண்ணே, ஒங்களத்தான் பாக்க வந்தேன். அம்மா கூலிக்குத்தான் தூவுச்சு, மருந்து கலந்தது அது இல்லன்னு, கூட இருந்தவங்க யாராச்சும் எழுதிக் குடுத்தா ஜாமீன் சீக்கிரம் கெடைக்கும்னு வக்கீல் சொல்றாரு. நீங்க அங்க இருந்தீங்கன்னு அம்மா சொன்னிச்சு." மூச்சு வாங்கிவிட்டு, "திங்கக்கெழம எனக்குப் பரிச்ச ஆரம்பிக்குதுண்ணே," என்றாள்.

அவனுக்கு அந்தச் சில விநாடிகளில் என்னென்னவோ ஓடியது. ஜீப், போலீஸ், அம்பிகாவின் அண்ணன், பேப்பரில் பேர், இனி யார் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள்.

"நான் அன்னைக்கு அங்க இல்லம்மா. அரியலூர்ல கல்யாண வாசிப்பு. ஒங்கம்மா நாள மாத்திச் சொல்லுது," என்றான்.

அன்றைக்கு எங்கேயும் கல்யாணமே இல்லை. அது கடையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். ஆளுக்கொரு வாத்தியத்தைக் குனிந்து துடைத்தார்கள். கவியா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரிங்கண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் இருபத்தாறு நாள் கழித்துத்தான் பாப்பாத்தி வெளியே வந்தாள். அதற்குள் பரீட்சை முடிந்திருந்தது. கவியா இரண்டு தேர்வு எழுதினாள்; திருச்சிக்கும் கோர்ட்டுக்கும் அலைந்ததில் மற்றவற்றை எழுதவில்லை. ராசாங்கம் இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டதால் தாயும் மகளும் ஊரைவிட்டே போனார்கள்.

காசிநாதன் வாசிப்பதை நிறுத்தவில்லை. வைகாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மயில் கேட்டார்கள். தன்னால் முடியாது, காற்றுதான் வரும் என்று நினைத்தபடியே டிரம்பெட்டை எடுத்தான். ஆனால் மயில் வந்தது. இதுவரை வராத அளவுக்கு நன்றாக வந்தது. சனங்கள் கை தட்டினார்கள். ஒரு சின்னப் பிள்ளை தோகைபோலக் கையை விரித்து ஆடியது. அவன் மண்டபத்துக்குப் பின்னால் போய், சமையல்காரர்கள் பாத்திரம் கழுவுகிற இடத்தில் உட்கார்ந்து அழுதான்.

வீட்டுக்குப் போனதும் அம்பிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். வாடையைச் சொன்னான். கவியா வந்ததைச் சொன்னான்.

"எங்க அண்ணன் உள்ள போவணுங்கிறீங்களா?" என்றாள் அவள்.

மூன்று நாள் அவள் அவனோடு பேசவில்லை. நாலாம் நாள் காலையில் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டுவிட்டு, "போயி சொல்லிட்டு வாங்க," என்றாள். "அந்தப் பொண்ணு வந்தப்பவே எங்கிட்ட சொல்லியிருந்தீங்கன்னா, நானே கூட்டிட்டுப் போயிருப்பேன்."

வன அலுவலகத்தில் அவன் சொன்னதை எழுதிக்கொண்ட அதிகாரி பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். "மூணு மாசமா எங்கய்யா இருந்தே?" என்று கேட்டார். வழக்கில் ராசாங்கத்தின் பேர் சேர்ந்தது. காசிநாதன் பேரும் சேர்ந்தது. பாப்பாத்தியின் பேரை யாரும் எடுக்கவில்லை. தூவியது அவள்தானே என்றார்கள். ராசாங்கம் தங்கச்சி வீட்டு வாசலில் நின்று கத்திவிட்டுப் போனான். அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

ஆடியில் காசிநாதன் பாப்பாத்தியைப் பார்க்கப் போனான். ஜெயங்கொண்டம் போகும் வழியில் ஓர் ஊரில் அக்கா வீட்டை ஒட்டிக் கீற்றுச் சாய்ப்பு போட்டு இருந்தாள். முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டையின் பால் பட்டு விரல்கள் கறுத்திருந்தன. அவனைக் கண்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த சாக்கைத் தள்ளிப் போட்டாள்.

"ஒக்காருங்கண்ணே. நீங்க போயிச் சொன்னீங்கன்னு வக்கீல் சொன்னாரு."

"முன்னயே சொல்லியிருக்கணும்."

"ஆமா," என்றாள் பாப்பாத்தி.

இன்னொரு கொட்டையை எடுத்து உடைத்தாள்.

"அந்த நாத்தம் எனக்குந்தான் அடிச்சிச்சு," என்றாள் பிறகு. "தெரிஞ்சுதான் அள்ளி வீசுனேன். வேணாம்னு சொன்னா மறுநாள் வேலைக்கு வராதம்பாரு. அதுக்கு நான் உள்ள போனது சரின்னே வச்சுக்குங்க. ஒங்க மேல எனக்கு அதுல வருத்தமில்ல. ஆனா எம்பொண்ணு வந்து நின்னப்ப, மூஞ்சியப் பாத்து இல்லன்னு சொன்னீங்களே. அத எங்கிட்ட பேசாதீங்க. அது ஒங்களுக்கும் எம்பொண்ணுக்கும் உள்ள பேச்சு."

"பொண்ணு இப்ப..."

"அரியலூர்ல ஒரு துணிக்கடையில நிக்குது. மறுபடி எழுதச் சொல்லிப் பாத்தேன், மாட்டேங்குது. இன்னைக்கு மத்தியானத்தோட விட்டுருவாங்க. செத்த நேரத்துல வந்துரும். இருந்து பேசிட்டுப் போங்க."

அவன் இருந்தான். என்ன சொல்வது என்று வார்த்தை வார்த்தையாகச் சேர்த்துக்கொண்டிருந்தான். பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கவியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் வந்தாள். பத்தடி தூரத்தில் அவனைப் பார்த்தாள். நின்றாள்.

"கவியா, வா. அண்ணன் வந்துருக்காரு," என்றாள் பாப்பாத்தி.

கவியா வரவில்லை. எதிர் வீட்டு வேப்பமர நிழலில் போய், பையைக்கூட இறக்காமல் நின்றுகொண்டாள்.

"அவரு போவட்டும்மா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

காசிநாதன் எழுந்தான். அவளைத் தாண்டிப் போகும்போது, "அம்மாடி..." என்று ஆரம்பித்தான். அவள் தலையைத் திருப்பித் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டாள். அவன் நிறுத்தத்துக்கு நடந்தான். அங்கிருந்து பார்த்தால் அந்தச் சாய்ப்பும் வேப்பமரமும் நன்றாகவே தெரிந்தன. பஸ் வர அரைமணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் அவள் அந்த நிழலிலேயே நின்றாள். அவன் ஏறி, கண்டக்டர் விசில் ஊதி, பஸ் நகர்ந்த பிறகுதான் பையைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள்.