தாழ்வாரத்தில் காத்திருந்த நிழல்

உயர் நீதிமன்றத்தில் கூடுதல் நீதிபதியாகப் பதவியேற்ற அன்று மாலை அவள் நிழல் இல்லாமல் வீடு திரும்பினாள். பணி நிரந்தரமாகும்வரை நிழல் சட்டத்துறை அலுவலகத்தின் மாடித் தாழ்வாரத்தில் காத்திருக்க வேண்டும் என்பது விதி. குடையை எங்கோ வைத்துவிட்டு வந்தவளைப் போல அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பல் மருத்துவரான அவள் கணவனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. மதியம் கிளினிக்கைச் சாத்திவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு போய், சுவரில் சாய்ந்திருந்த நிழலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். குமாஸ்தாக்கள் அதை மிதிக்காமல் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள். கூட்டுகிற அம்மாள் மட்டும் அதன்மேல் வாளியை வைத்தாள். அவளோடு சண்டை போட்டவன், பிற்பாடு அவளுடைய கடைவாய்ப் பல்லைக் காசு வாங்காமல் பிடுங்கியும் விட்டான்.

அந்தச் சமயத்தில்தான், ஏரியைத் தூர்த்து அமைச்சரின் மைத்துனர் கட்டிய அடுக்குமாடி வழக்கு அவளிடம் வந்தது. அமைச்சரின் கட்சிக்காரர் ஒருவர் பல்வலி என்று கிளினிக்குக்கு வந்தார். வாயில் ஒரு சொத்தைகூட இல்லை.

“மேடம்கிட்ட சொல்லுங்க டாக்டர். கொஞ்சம் பார்த்து எழுதினாங்கன்னா நிழல் சாயங்காலமே வீட்டுக்கு வந்துடும்.”

அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லாதவன், அப்படியே சொன்னான்.

“உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள்.

“எனக்கு நிழல் வேணும். ஆனா நீ சரியா எழுது.”

இடிக்கச் சொல்லி எழுதினாள். பணி நிரந்தரத்துக்கு மூத்த நீதிபதிகள் அவள் பெயரை அனுப்ப அனுப்ப, அமைச்சகம் சுவரில் பட்ட பந்தாகத் திருப்பி அனுப்பியது. அவளோடு பதவியேற்றவர்களின் நிழல்களெல்லாம் வீடு போய்ச் சேர்ந்தன.

பிறகு ஆட்சி மாறியது. வந்தவர்கள் வந்த வேகத்தில் ‘நம்ம ஆளு’ என்று கையெழுத்துப் போட்டார்கள். கணவன் நிழலைப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்துக் கூட்டிவந்தான். அவள் சமையலறையில் நின்று அழுதாள்.

“நியாயத்துக்காகக் கொடுக்கல. அவங்களுக்கு ஆகாதவனை அடிச்சேன்னு கொடுத்திருக்காங்க.”

“இவங்க கேஸும் ஒருநாள் வரும்ல. அப்பத் தெரிஞ்சுக்குவாங்க.”

வந்தது. புது அமைச்சரின் மகனுக்கு எதிராகவும் அவள் அதே பேனாவால்தான் எழுதினாள். ‘நம்ம ஆளு’ என்றவர்கள் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் நிரந்தரமானதைத் திரும்பக் கேட்க வழியில்லை.

வீட்டில்தான் ஒரு சிக்கல். காத்திருந்த காலத்தில் அவள் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். நிழலோ இடுப்புவரை தொங்கும் பின்னலோடு வந்திருந்தது. வெயிலில் நடந்தால், யாரோ ஒரு சின்னப் பெண் அவள் காலடியில் கூடவே வருவதுபோல் இருந்தது. நிழலின் முடியை வெட்டிவிடலாமா என்று கணவன் கேட்டான்.

“பாவம், இத்தனை நாள் நின்ன களைப்பே தீரல. நான் வளர்த்துக்கறேன்.”

வளர்த்துக்கொண்டாள். நாலைந்து மழைக்காலம் போய் வெயில் திரும்பியபோது இரண்டு பின்னலும் ஒரே நீளத்தில் இருந்தன.