பொனேர் போகும் பேச்சு

இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் குளித்து, பசியாறிவிட்டுப் படுத்துவிடுவதுதான் ரூபேந்திரனின் வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து கஸ்தூரி அப்படித்தான் பார்த்திருக்கிறாள். அந்தத் தீபாவளிக்குப் பிறகு அவன் படுக்கவே இல்லை. பாசிர் கூடாங் ரசாயன ஆலையிலிருந்து வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் எதையாவது கழற்றுவான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த காற்றாடியைக் கழற்றினான். கதவுக் கீல்களைக் கழற்றி எண்ணெய் விட்டான். கேட்டால், "சும்மா இருக்க முடியல லா" என்பான்.

ஒருநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"கரீபியன் போலாமா?"

"எங்க?"

"கரீபியன் கடல். பொனேர்னு ஒரு தீவு. ரோட்டோரமா காடிய நிப்பாட்டிட்டு, டேங்க முதுகுல மாட்டிகிட்டு, நடந்தே கடலுக்குள்ள இறங்கலாமாம். படகே வேணாம்."

"உங்களுக்கு டைவிங் தெரியுமா?"

"கத்துக்கலாம்."

"கத்துக்கிட்டா தியோமான் போங்களேன். மெர்சிங்ல படகு ஏறினா வந்துரும்."

"அது பக்கத்துல இருக்கு" என்றான் ரூபேந்திரன், அதுதான் அந்தத் தீவின் குற்றம் என்பதுபோல.

விளையாட்டுப் பேச்சு என்றுதான் கஸ்தூரி நினைத்தாள். பேச்சு நிற்கவில்லை. சிங்கப்பூரில் விமானம் ஏற வேண்டும், ஆம்ஸ்டர்டாமில் மாற வேண்டும் என்றான். அடுத்த வாரம் பொனேர் வேண்டாம், மெக்சிகோ பக்கத்தில் கொசுமெல் என்றான். அதற்கடுத்த வாரம் ஹோண்டுராஸ் பக்கத்தில் இன்னொரு தீவு. தொலைக்காட்சியில் எந்நேரமும் நீலத் தண்ணீர்தான். கெடாவில் படிக்கும் மகள் லோஷினி தொலைபேசியில், "அப்பாக்கு என்னம்மா ஆச்சு? தினம் மீன் படமா அனுப்புறாரு" என்று கேட்டாள்.

மார்ச் மாதத்தில் ஜோகூர் பாருவில் ஒரு டைவிங் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். ஒரு பெயர் இல்லை, இரண்டு.

"என்னை எதுக்கு இழுக்குறீங்க?"

"ஜோடி இல்லாம தண்ணிக்குள்ள இறங்கக்கூடாதாம். எனக்கு வேற யாரு இருக்கா?"

கஸ்தூரிக்கு நாற்பத்து மூன்று வயது. பள்ளி நாளில் கற்ற அரைகுறை நீச்சலோடு சரி. மாசாயில் பேரங்காடிக்குள் இருக்கும் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகராக வேலை. ஜன்னல் இல்லாத இருட்டறையில் உட்கார்ந்து, "முதலாவது தெளிவா இருக்கா, ரெண்டாவது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். வெளியே பேரங்காடியின் பாட்டு ஓயாது. இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் கடலுக்கு அடியில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

நீச்சல் குளத்தில் முதல் வகுப்பு. சுராயா என்ற மலாய்ப் பெண்தான் பயிற்சியாளர். முப்பது வயதுக்குள் இருக்கும், வெயிலில் கறுத்த முகம். "மெதுவா மூச்சு விடுங்க, காக். அவசரமே இல்ல" என்று அக்கா முறை வைத்து மலாயில் சொல்லி, கஸ்தூரியின் தோளைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினாள். ரப்பர் வாய்க்குழாயைக் கடித்துக்கொண்டு கஸ்தூரி மூச்சை இழுத்தாள். காற்று வந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடியும் வந்தது. குமிழிகள் காதோரம் உருண்டு மேலே போயின. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. குளத்தின் நீலத் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தவளை சுராயா இரண்டு தடவை தட்டி மேலே கூப்பிட வேண்டியிருந்தது.

ரூபேந்திரனும் எல்லாப் பயிற்சியையும் செய்து முடித்தான். ஆனால் அவளுக்கு முன்னால் அவனுடைய காற்று தீர்ந்தது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

ஏப்ரலில் கடல் பயிற்சிக்காக மூவரும் தியோமான் போனார்கள். முதல் இறக்கம் ஒழுங்காக முடிந்தது. இரண்டாவதில், மணல் தரையில் மண்டியிட்டு, முகக் கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதை மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். கஸ்தூரி செய்தாள். ரூபேந்திரன் கண்ணாடியைத் தளர்த்தினான், தண்ணீர் ஏறியது. அடுத்த கணம் வாய்க்குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேலே பாயப் பார்த்தான். சுராயா அவன் இடுப்பு வாரைப் பிடித்து, குழாயை மறுபடி வாயில் திணித்து, அவனைக் கட்டிக்கொண்டே மெல்ல மேலே ஏற்றினாள். கஸ்தூரியும் பக்கத்திலேயே ஏறினாள். கண்ணாடிக்குள் அவன் கண்கள் அவளைப் பார்த்தன; ஆனால் அவளை அடையாளம் கண்டதுபோலத் தெரியவில்லை.

கரைக்கு வந்ததும் மரப்பாலத்தில் உட்கார்ந்து நெடுநேரம் இருமினான். ஈர உடையின் ஜிப் முதுகில் மாட்டிக்கொண்டது. கஸ்தூரி அதை இழுத்துக்கொண்டிருந்தபோது, திரும்பிப் பார்க்காமலே பேச ஆரம்பித்தான்.

"தீபாவளிக்கு முந்தின வாரம் ஆலையில ஒரு பம்ப் பத்திக்கிச்சு. தீய அணைக்க நானும் இன்னொருத்தரும் உள்ள போனோம். இதே மாதிரி டேங்க், இதே மாதிரி மாஸ்க். உள்ள ஒரே புகை. காத்து தீரப்போகுதுன்னா அதுல ஒரு விசில் அடிக்கும். அது அடிக்க ஆரம்பிச்சப்ப எனக்கு வாசல் எந்தப் பக்கம்னு தெரியல."

கஸ்தூரியின் கை நின்றது.

"எப்படி வந்தீங்க?"

"சுவர தடவித் தடவி வந்துட்டேன். யாருக்கும் ஒன்னும் ஆகல. எல்லாரும் கை கொடுத்தாங்க, படம் எடுத்தாங்க. அவ்ளோதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மறுபடி உள்ள இருக்கற மாதிரி இருக்கும். நல்ல தண்ணியா, எல்லாம் தெளிவா தெரியற எடமா, ரொம்ப தூரமா எங்கயாச்சும் போய் அதே மாதிரி மூச்சு விட்டுப் பார்த்தா போயிரும்னு நினைச்சேன். போகல, கஸ்தூரி. அதே சத்தம்."

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஆறு மாதமாகக் காற்றாடியைக் கழற்றிக்கொண்டிருந்த மனிதனிடம் தானும் ஒழுங்காக உட்கார்ந்து கேட்கவில்லையே என்ற உறுத்தலும் வந்தது. ஜிப்பை விட்டுவிட்டு அவன் ஈர முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவன்தான் சொன்னான்: "நீ போ. போய் முடிச்சிட்டு வா."

அவள் போனாள். பவளப் பாறை ஒன்றின் மேல் சுராயாவோடு மிதந்தபோது அவளுக்குப் பாரமே இல்லை. கணவனைக் கரையில் அப்படி விட்டுவிட்டு வந்தவள் இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

வீடு திரும்பியதும் ரூபேந்திரன் உறங்க ஆரம்பித்தான். சொல்லிவிட்டதாலோ என்னவோ, ஆளைத் தூக்கிப் போட்டாலும் தெரியாத உறக்கம். ஆலை மருத்துவரையும் போய்ப் பார்த்தான். கரீபியன் பேச்சை எடுப்பதே இல்லை.

இப்போது கஸ்தூரிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வாடிக்கையாளர் "ரெண்டாவது" என்று பதில் சொல்லியும் காதில் விழாமல் மறுபடி கேட்டாள். மதிய இடைவேளையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் பொனேரின் கரைகளைப் பார்த்தாள். சமையலறையை இடித்துக் கட்ட வேண்டும் என்று ஐந்து வருடமாக நச்சரித்தவள், அளவெடுக்க வந்த ஆளை அடுத்த வருடம் வரச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, நெடுஞ்சாலையில் எண்ணெய் லாரிகளுக்குப் பின்னால் காடி ஊர்ந்துகொண்டிருந்தது. ரூபேந்திரன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"நான் பொனேர் போறேன்" என்றாள்.

"நாம போறதா?"

"நான்."

முன்னால் போன லாரி நகர்ந்துவிட்டது, அவன் நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"தனியாவா? ஜோடி வேணும்ல?"

"அங்க வழிகாட்டி ஏற்பாடு பண்ணித் தருவாங்க. பேசிட்டேன்."

"பேசிட்டியா" என்றான். கியரைப் போட்டு லாரிக்குப் பின்னால் விரட்டினான்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் சாப்பாடு, சாவி, ஷிப்ட் இதைத் தவிர வேறு பேச்சு இல்லை. வெள்ளிக்கிழமை லோஷினி கூப்பிட்டாள். "அம்மா, பொனேர்ல ரோட்டுல எந்தப் பக்கம் ஓட்டுவாங்கன்னு அப்பா கேட்டாரு. எனக்கு எப்படித் தெரியும்? வலது பக்கம்னு தேடிச் சொன்னேன்."

மறுநாள் காலை பசியாறும்போது ரூபேந்திரனே ஆரம்பித்தான். "அங்க பிக்-அப் எடுக்கணுமாம். டேங்கையெல்லாம் பின்னால போட்டுக்கிட்டு எடம் எடமா போவாங்க. யாராவது ஓட்டணும்ல? நான் வர்றேன். நீ தண்ணியில இரு. நான் கரையில இருக்கேன்."

கஸ்தூரி சிரித்திருக்க வேண்டும். ஆனால் முகம் ஒரு கணம் வாடிவிட்டது. பல வாரமாக மனத்துக்குள் அவள் நடந்துவந்த அந்தக் கரையில் அவளைத் தவிர யாரும் இருந்ததில்லை. அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"தனியா போகணும்னா போ. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

உடனே பதில் சொல்லிவிடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. தட்டிலிருந்த தோசையைத் துண்டு துண்டாகப் பிய்த்தாள். சரி, வாங்க என்று விட்டுக்கொடுத்தால் பிறகு அந்தத் தீவிலேயே சண்டை வரும். வேண்டாம் என்றாலோ, இவ்வளவு தூரம் வந்தவனை மறுபடி அந்த மரப்பாலத்தில் உட்கார வைத்ததுபோல் ஆகும்.

"முதல் நாலு நாள் நான் மட்டும். அதுக்கப்புறம் நீங்க வாங்க" என்றாள். "வந்தப்புறம் கரையில நின்னுகிட்டு ஏன் இவ்ளோ நேரம்னு கேக்கக் கூடாது. நான் வர்றப்பதான் வருவேன்."

ரூபேந்திரன் யோசித்தான். "அந்த ரோட்டுல நாலு நாள் யாரு ஓட்டுவா?"

"நான்தான்."

"அலமாக்" என்று பதறியவன்போலத் தலையில் கை வைத்தான், பிறகு சிரித்தான். தீபாவளிக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தாள்.

ஆகஸ்ட் மாதத்துக்கு வேறு வேறு தேதிகளில் இரண்டு டிக்கெட் எடுத்தார்கள். அதுவரை பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று கஸ்தூரி இன்னும் இரண்டு முறை தியோமான் போய் வந்தாள். இரண்டாவது முறையும் அவன்தான் மெர்சிங் படகுத்துறை வரை ஓட்டிவந்து, எதிரே இருந்த கடையில் தே ஓ என்னும் பால் கலக்காத தேநீரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவள் படகில் ஏறி, பொருள்களைச் சரிபார்த்து, இருப்புக் கொள்ளாமல் நின்றாள். படகு கட்டவிழ்ந்து கழிமுகத்தைத் தாண்டி வேகமெடுத்தது. அந்த வேகம் அவளுக்குப் போதவில்லை.