வண்டியில் கட்டிய பாவு

அம்சா தினமும் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழிப்பாள். அதன் பின்பக்கம் ஒரு வரி எழுதுவாள். முந்தைய நாள் யாரை அடித்தாள் என்று. கையால் அடித்தது மட்டுமல்ல, சொல்லால் அடித்ததும், பேசாமல் இருந்து அடித்ததும் அதில் சேரும். மூன்று வருடத்துக்கு முன் தவக்காலத்தில் சர்ச்சில் பெண்களுக்குக் கொடுத்த வேலை அது. மற்றவர்கள் ஈஸ்டரோடு விட்டார்கள். அவள் விடவில்லை.

அன்று எழுதியது: ‘எதிர்வீட்டுக்காரர் கை விளங்காமல் போகட்டும் என்று நினைத்தேன். ஆறாவது நாளாக.’

பிள்ளையார்பாளையத்தில், தறியில் ஏற்றும் நீள இழைகளான பாவைத் தெருவில்தான் விரிப்பார்கள். விடியும்போது, வெயில் ஏறுமுன். பட்டிழைகளை நீளமாக இழுத்து, இரண்டு முனையிலும் கோல் கொடுத்துக் கயிற்றால் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, சுருட்டித் தறிக்குக் கொண்டுபோவார்கள். விரித்த பாவை எந்த வண்டியும் தாண்டாது. கல்யாணக் கார்கூடத் தெருமுனையில் காத்து நிற்கும். பாவுக்காரன் பகையாளி என்றாலும் அப்படித்தான்.

அம்சாவுக்கு இது முதல் சொந்தப் பாவு. பதினாறு வருடம் பிறர் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்தவள். இப்போது இந்தத் தெருவில் வாடகை வீடு, அதில் சொந்தத் தறி. ஏனாத்தூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து வந்தவள் வீட்டுக்குள் நெய்வதில் தெருவுக்கு ஒன்றுமில்லை. தெருவில் பாவு போடுவது வேறு.

மின்கம்பத்தில் ஒரு முனை, வேப்பமரத்தில் ஒரு முனை. எல்லாரும் கட்டும் இடம் அது. அவள் பாவை எடுத்துவந்த முதல் நாளே, எதிர்வீட்டுக் குமரகுருவின் லோடு ஆட்டோ மரத்தை மறைத்துக்கொண்டு நின்றது.

“அண்ணா, வண்டிய கொஞ்சம் தள்ளிக்கினா பாவு போட்டுக்குவேன்.”

“ரிப்பேரும்மா. நகராது.”

மதியம் அது வாடகைக்கு விடும் சமையல் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு நன்றாகவே போனது. சாயங்காலம் திரும்பி வந்து, அதே இடத்தில் மறுபடி ரிப்பேர் ஆனது.

மூன்றாம் நாள் அவரே வாயைத் திறந்தார். “தெருவுல பாவு போடறதுக்கு முறைன்னு ஒண்ணு இருக்குது.”

“தெரு எல்லாருக்கும்தானேண்ணா?”

“அத நீ சொல்லாத.”

அம்சாவின் கணவன் தாவீது பொறுக்கவில்லை. “மூணு டயரையும் கிழிச்சுட்டா ரிப்பேர் நெஜமாயிடும்” என்றான்.

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, அந்தாளு அழுவான்.”

“அவரு அழுதா வண்டி நகருமா? அங்கேயேதான் நிக்கும்.”

தறி வெறுமனே கிடந்தது. இன்னும் சில நாள் இப்படிப் போனால் மறுபடி கூலித் தறிக்குத்தான் போக வேண்டும். ஆறாம் நாள் சாயங்காலம் அவள் கம்பத்திலிருந்து வண்டிவரை காலால் அளந்தாள். பாவின் நீளத்துக்கு இடம் போதும். கட்டுவதற்குத்தான் ஒன்று வேண்டும். வண்டியின் பின்னால் ஒரு கொக்கி இருந்தது.

ஏழாம் நாள் விடியலில் பாவின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டினாள். மறுமுனையை வண்டியின் கொக்கியில். தெருவில் ஒருவர் பாவு போட்டால் நாலு கை தானாக வந்து பிடிக்கும். அன்று ஒரு கையும் வரவில்லை. அவளும் தாவீதும் மட்டுமே இழுத்து நிறுத்தினார்கள். அரக்கு நிறப் பட்டு தெருவின் நடுவே விறைத்து நின்றது.

குமரகுரு சாவியோடு வெளியே வந்தார். வண்டியில் பாத்திரங்கள் ஏற்றியிருந்தன. ஓரிக்கையில் வளைகாப்பு, ஏழு மணிக்குள் போக வேண்டும்.

“இன்னா வேலை இது?”

“ரிப்பேர் வண்டிதானே அண்ணாத்த?” என்றான் தாவீது. “நகராதுல்ல?”

ஜன்னல்களில் யாரோ சிரித்தார்கள். அம்சாவுக்கு அது இனித்தது. இரண்டு மூச்சு அந்த இனிப்பை வாயில் வைத்திருந்தாள். பிறகு தாவீதிடம், “நீ சும்மா இரு” என்றாள்.

வண்டியருகே போய்க் கொக்கியின் முடிச்சில் கை வைத்தாள்.

“போவணும்னா சொல்லுங்கண்ணா. இப்பவே அவுத்துடறேன். பாவச் சுருட்டிக்கினு உள்ள போறேன். நாளைக்கு வருவேன். நாளைக்கும் வண்டி நின்னா வண்டியிலதான் கட்டுவேன். அதுமேல ஒரு கீறல் விழாது.”

“மெரட்றியா?”

“இல்லண்ணா. செய்யப்போறத சொல்றேன்.”

அவிழ்த்துவிடு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், வண்டி ஓடும் என்றும் தெருவெல்லாம் கேட்கச் சொன்னதாகும். சொல்லாமல் வண்டியைக் கிளப்பினால் பாவு அறும். அவர் வீட்டில் நான்கு தலைமுறையாக யாரும் பாவை அறுத்ததில்லை. சாவி அவர் விரலில் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது.

அவர் மனைவி மங்கையர்க்கரசி வாசலுக்கு வந்தாள். அவளும் நெய்கிறவள். பாவைப் பார்த்ததும் கிட்டே வந்து குனிந்தாள்.

“உள்ள போ” என்றார் குமரகுரு.

“இழை அறுந்து தொங்குது. பாத்துக்கினு எப்படிப் போறது?” விரல்கள் அதற்குள் அதை முடிச்சுப் போட்டுவிட்டன. “இங்கயும் ரெண்டு இருக்குது. ஏம்மா, உன் ஊட்டுக்காரர கோலைத் தொய்ய விடாம பிடிக்கச் சொல்லு. சிரிக்கத்தான் தெரியுமா அவருக்கு?”

தாவீது கோலைப் பிடித்தான்.

குமரகுரு தெருவோரம் போய் ஒரு கல்லை எடுத்துவந்தார். பின்சக்கரத்துக்கு அடியில் வைத்து, வண்டி உருளாதபடி காலால் தட்டி இறுக்கினார். போனை எடுத்து, “அரை மணி லேட்டாகும்பா” என்றார். காரணம் சொல்லவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை.

வெயில் கூரையைத் தொடும்முன் பாவு சுருண்டது. அம்சா கொக்கியிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள்.

“அடுத்த பாவு வர்ற மாசம் கடைசியிலண்ணா. இங்கதான் போடுவேன்.”

“வழி விடு. லேட்டாயிடுச்சு” என்றார் அவர். சாவியின் ஒரே திருகில் வண்டி கிளம்பியது.

மறுநாள் தறியில் உட்காருமுன் தாளைக் கிழித்தாள். இம்முறை யோசிக்க வேண்டியிருந்தது. வண்டியைக் கட்டியதை எழுதப் போய் நிறுத்தினாள். அது அடி இல்லை. அவிழ்க்கத் தயாராகத்தான் இருந்தாள்.

‘அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு மூச்சு தடுக்காமல் இருந்தேன்.’

தாளை மற்றவற்றோடு ஆணியில் குத்திவிட்டு, தறிக்குழியில் காலை இறக்கினாள்.