திருப்பிவிட்ட போன்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் லிஃப்ட் மெக்கானிக் தன் கைபேசியை ரேடியோவின் எண்ணுக்குத் திருப்பிவிட்டார். அந்தக் கம்பெனியில் அதுதான் வழக்கம். லீவில் போகிறவருக்கு வரும் அழைப்பெல்லாம் டியூட்டியில் இருப்பவருக்குப் போய்விட வேண்டும். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு வியர்த்துக் கொட்டுகிறவர் நாலு பேருக்கு போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது. ரேடியோ என்பது ஆளின் பெயர் அல்ல. வாயை மூடவே மாட்டான் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டம். நம் மனிதர் கோட்டை விட்டது இங்கேதான். ஊரார் கூப்பிடும் எண்ணும் பெற்ற மகள் கூப்பிடும் எண்ணும் ஒன்றே என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. வருஷக்கணக்கில் லீவே எடுக்காதவருக்கு எப்படி ஏறும்?

இந்த லீவும் அவராகக் கேட்டதில்லை. கம்பெனி ஆண்டுவிழாக் குலுக்கலில் விழுந்த பரிசு. திங்கட்கிழமை தொடங்கி, காட்டோரத்து மரவீட்டில் ஒரு வாரம். டிவி கிடையாது, இன்டர்நெட் கிடையாது, கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். "குடுத்து வச்சவர்ணே நீங்க" என்று ஆபீஸே வயிறெரிந்தது. அவருக்கோ அது தண்டனையாகப் பட்டது. வீட்டில் பேச ஆளில்லாதவனுக்கு இதற்கு மேல் என்ன அமைதி வேண்டிக் கிடக்கிறது?

வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வேறு போன வாரம், "அடுத்த சனி ஞாயிறுல நிதானமா கூப்பிடறேன்பா. ஒரு விஷயம் பேசணும்" என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு விஷயம் அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. மனைவி இருந்தவரை மகளோடு பேசுவதெல்லாம் அவள் இலாகா. மணிக்கணக்கில் பேசிவிட்டுக் கடைசியில், "இந்தா, அப்பாகிட்ட பேசு" என்று நீட்டுவாள். இவர் உடம்பைப் பற்றிக் கேட்பார், மழையைப் பற்றிக் கேட்பார், சரக்கு தீர்ந்துவிடும். மனைவி போனபிறகு முழு நேரமும் இவருடையதாயிற்று. பேச்சு மட்டும் வந்து சேரவில்லை. இந்தத் தடவையாவது மகளோடு ஒழுங்காகப் பேசிவிட வேண்டும், காட்டுக்குப் போவதற்குள் அந்த அழைப்பு வந்துவிட வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடினார். போர்வை முதற்கொண்டு துவைத்துப் போட்டார். ஃபிரிட்ஜைக் காலி செய்து கழுவினார். சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றினார். பூந்தொட்டிகளைத் தூக்கிப் போய்ப் பக்கத்து வீட்டம்மாவிடம் ஒப்படைத்தார். மத்தியானம் மச்சினியின் பையனுக்குப் பிறந்தநாள். காற்றடைத்த ரப்பர் கோட்டைக்குள் வாண்டுகள் இவரையும் இழுத்துப்போட்டுக் குதிக்கவைத்தன. "பெரியப்பா, இன்னொரு வாட்டி!" மூச்சு வாங்க வாங்கக் குதித்தார், சட்டைப்பைக் கைபேசியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே.

"என்ன மாமா, நொடிக்கொரு தரம் அதையே பாக்கறீங்க?" என்றாள் மச்சினி.

"டைம் பார்த்தேம்மா." மணிக்கட்டில் கடிகாரம் கட்டியிருந்ததை அவள் கவனித்தாளோ என்னவோ, மேலே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸ் பையன்களோடு கிரிக்கெட். வழியனுப்பு ஆட்டமாம். டியூட்டியில் இருந்த ரேடியோ மட்டும் வரவில்லை. முதல் பந்திலேயே அவுட்டாகி, கைதட்டலோடு வெளியே வந்தார். பிறகு முடி வெட்டல், செருப்புத் தைக்கக் கொடுத்து வாங்கல், பெட்டி அடுக்கல். குளிக்கப் போனாலும் கைபேசி கூடவே போய் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தது. அது மூச்சே விடவில்லை. நாமே கூப்பிட்டால் என்ன என்று தோன்றாமல் இல்லை. முன்னொரு தரம் அப்படிக் கூப்பிட்டு, "மீட்டிங்ல இருக்கேன்பா" என்று அவள் கிசுகிசுத்தது இன்னும் காதில் இருந்தது. கூப்பிடுகிறேன் என்றவளை நச்சரிப்பானேன்? ஆனாலும் மடித்த சட்டைகளையே பிரித்துப் பிரித்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். மகள் கூப்பிடவில்லை என்று சொல்லி ஆற்றிக்கொள்ளக்கூட ஒரு ஆள் இல்லை.

சாயங்காலம் பற்பசை வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனார். எதிர்க் கட்டடத்தில் லிஃப்டைப் பழுதுபார்த்துவிட்டு ரேடியோ அங்கே நின்றிருந்தான்.

"அட, நீங்க போகலையா? நேத்தே கெளம்பிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்! உங்க பொண்ணு கூப்பிட்டப்பகூட, அப்பா காட்டுக்குப் போயிட்டாரு, ஒரு வாரம் போன் கெடையாதுன்னு சொல்லிட்டேனே!"

"உன்னை எதுக்கு அவ..." என்று ஆரம்பித்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. கடைக்காரர் நீட்டிய சில்லறையை வாங்காமல் நின்றார். "ஏதாவது சொன்னாளா?"

ரேடியோவே கொஞ்சம் தயங்கினான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "தனியா வீடு எடுத்து இருக்காம்ணே. மாப்பிள்ளையோட இல்லையாம். ஆறேழு மாசமாச்சாம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலையாம். ரொம்ப அழுதுச்சு. அரைமணி நேரம் பேசிட்டிருந்தோம், கடைசில சிரிச்சிருச்சு."

"அரைமணி நேரமா?"

அதைத்தான் அவரால் கேட்க முடிந்தது. மகளின் வாழ்க்கை இப்படி ஆகிவிட்டதே என்பதைவிட அந்த அரைமணி நேரம் முதலில் சுட்டது. அப்படிச் சுட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டுச்சுண்ணே. டியூட்டி முடிஞ்சும் வீட்டுக்குப் போகாம ஒர்க்‌ஷாப்லயே உக்காந்திருப்பாருன்னு வாய் தவறி உளறிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

வீட்டுக்கு வந்து, திருப்பிவிட்டதை ரத்து செய்து, நின்றபடியே மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா? போகலையா நீங்க?"

"நாளைக்குத்தாம்மா. அவன் எல்லாம் சொன்னான்."

"எங்கிட்டயும் சொன்னாரு."

அவர் கண் அடுக்கி வைத்த பெட்டிமேல் போயிற்று. அந்த மரவீட்டு வாரம் உண்மையில் இரண்டு பேருக்கான பரிசு. ஒருவர்தான் என்று ஆபீஸில் சொல்லிவைத்திருந்தார்.

"அங்க ரெண்டு கட்டில் போட்டிருக்காங்களாம்மா" என்றார். "நீயும் வாயேன். உங்க ஊர்லேருந்து நேரா பஸ் இருக்கு."

"ஒரு வாரமா? போன் இல்லாம, நாம ரெண்டு பேர் மட்டுமா?" அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "என்னப்பா பேசுவோம்?"

அவருக்கும் அதே பயம்தான்.

"தெரியலம்மா" என்றார்.

அவள் போனை வைக்கவில்லை. அவர் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். சாமான் அதிகமில்லாத வீடு போலிருந்தது, அவள் நடப்பது எதிரொலித்தது. எங்கேயோ ஒரு கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. பெட்டி கட்டத் திறந்த அலமாரியா, வெறும் ஜன்னலா என்று தெரியவில்லை.