சர்க்கரை போடாத சாயா

1

இந்தக் கதை எனக்கு நடந்தது, எனக்குத்தான் தெரியாது. ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்குமுன் மிடாசோலாம் என்ற மயக்க ஊசி போட்டார்கள். குழாயை எடுத்தபின் அரைமணி நேரம் பேசிக்கொண்டே இருந்தேனாம். ஒரு சொல்கூட நினைவில்லை.

2

"நாலு வருஷமாக அக்காவும் தங்கையும்…" வேண்டாம், சீரியல் மாதிரி இருக்கிறது.

நேராகவே சொல்கிறேன். என் அக்கா, ரம்லத் இத்தா, நான் தமிழில் எழுதிவைத்திருந்த பதினொரு கதைகளைக் குப்பையென்று நினைத்துப் பழைய பேப்பர்காரனிடம் போட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. (அவளுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும். இதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை.)

இப்போது அவள் மக்காவுக்கு, உம்ராவுக்குப் போகிறாள். போகுமுன் வீடுவீடாக ஏறி, செய்த பிழையைப் பொருந்திக்கொள்ள, அதாவது மன்னிக்க, சொல்ல வேண்டும். என் வீட்டுக்கு வரப் பயம். துணையில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன் என்று கேள்விப்பட்டு ஓடிவந்தவள், அந்த ஊசி மயக்கத்திலேயே கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ரிசல்ட் வாங்கப் போனபோது நர்ஸ் அஞ்சனா சொன்னாள்: "சேச்சி, நீங்க அவங்க கையைப் பிடிச்சிட்டு, 'பொருந்திட்டேன் இத்தா'ன்னு மூணு தடவை சொன்னீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நினைவே இல்லாதவளிடம் வாங்கினால் அது மன்னிப்பா?

3

நினைவு என்பது ஒரு

(இந்த வாக்கியம் தேறாது. படித்ததைச் சொல்கிறேன்: நினைவு இரண்டு வகையாம். ஒன்று, நமக்கு நடந்ததைச் சொல்லும். இந்த மருந்து அதைத்தான் தடுக்கிறது. இன்னொன்று எதையும் சொல்லாது, செய்துகாட்டும். அதை அவ்வளவாகத் தொடுவதில்லையாம்.)

4

வியாழக்கிழமை இத்தாவே வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். சண்டைக்குத் தயாராகத்தான் சாயா கொடுத்தேன்.

"சர்க்கரை போடலையா?"

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூன்று ஸ்பூன் வேண்டும். ஏன் போடவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

"எனக்கு சுகர் வந்ததை அன்னிக்கு உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன்," என்றாள். "உனக்கு ஒண்ணும் ஓர்மையில்லைன்னு நர்ஸ் சொல்லிச்சே. அதான் திரும்பக் கேக்க வந்தேன். பொருந்திப்பியா, ரஹீனா?"

(தெருவில் யாராவது என் காதில் போட்டிருக்கலாம் என்று இங்கே எழுதி, அடித்துவிட்டேன்.)

பாத்திரம் கழுவ வேண்டும் என்று உள்ளே போய்விட்டேன். அவள் சாயாவை முழுக்கக் குடித்துவிட்டுப் போனாள்.

5

இன்று சனிக்கிழமை. நேற்று முழுக்க உட்கார்ந்து இதையே அவளுக்காக மலையாளத்திலும் எழுதினேன். கடைசி வரிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். நாலாவது 'பொருந்திட்டேனை' அதில் எழுதுவதா, வாயால் சொல்வதா?

நீங்களே சொல்லுங்கள், கொஞ்சம் சீக்கிரம். ஏர்போர்ட் போகிற வழியில் அவளுடைய ஆட்டோ, என் மாடி வீட்டுக்குக் கீழே இருக்கும் சுக்குக் கிடங்கு வாசலில் நிற்கிறது. அவள் படியேறுகிறாள்.